மொட்டைமாடிக்கு எவ்வளவு வெயில்?

மாணவர்களே, வடாம் பிழியும் பாட்டியைக் கேட்டால், மாடியின் எந்த மூலையில் எத்தனை மணிவரை வெயில் நிற்கும் என்று தவறாமல் சொல்லிவிடுவார். ஒரு மாடிக்கு அது போதும். சென்னையின் இலட்சக்கணக்கான மாடிகளில் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கிட யாரைக் கேட்பது?

முதலில் வெயிலின் அளவைப் பார்ப்போம். காற்று மண்டலத்துக்கு வெளியே, கதிர்களுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,361 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. அதில் தரைக்கு வருவது எவ்வளவு என்பது பெரிதும் மேகத்தின் கையில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்திலிருந்து நம் நாட்டைப் படமெடுக்கிறது. மேகமற்ற நாளில் ஓர் இடம் படத்தில் கருமையாகத் தெரியும். மேகம் வந்தால் வெளுக்கும். எவ்வளவு வெளுத்ததோ, அவ்வளவு ஒளி விண்ணுக்கே திரும்பிவிட்டது என்று பொருள். இந்தக் கழித்தல் கணக்கைத் தரையிலுள்ள கதிர்வீச்சுமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். சென்னையில் ஆண்டுச் சராசரி, நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 5 யூனிட்.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர் அகலம். அதில் தெருவே தெரியாது. மாடி எங்கே தெரியப்போகிறது? 2005-இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 இதற்கு ஒரு வழி காட்டியது. அதன் இரு கேமராக்களில் ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சாய்ந்திருந்தன. உங்கள் இரு கண்களையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றுகிறதல்லவா? இரண்டு படங்களிலும் கட்டடம் அப்படி இடம் மாறும் அளவிலிருந்து அதன் உயரம் கிடைக்கிறது. நியூயார்க் நகரத்தின் 2011-ஆம் ஆண்டு வரைபடத்துக்கு விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி உயரம் அளந்தார்கள்.

உயரம் எதற்கு? நிழலுக்காக! பக்கத்துக் கட்டடம் உங்கள் மாடியைவிட 10 மீட்டர் உயரம் என்று கொள்வோம். டிசம்பர் 22 நண்பகலில் சென்னையில் சூரியன் தொடுவானிலிருந்து 53½ டிகிரி உயரத்தில் தெற்கே நிற்கும். நிழல் வடக்கே சுமார் 7½ மீட்டர் நீளும். ஜூன் 21-இல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். நிழல் தெற்கே விழும், 2 மீட்டர்கூட இராது. நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று குளிர்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து எழுதினால் நம் ஊருக்குப் பொருந்தாது. கணிப்பொறி ஆண்டு முழுவதற்கும், ஒவ்வொரு மணிக்கும் இந்த நிழல்களை வரைந்து, தப்பிய இடத்தை மட்டும் கூட்டுகிறது.

நூறு சதுர மீட்டர் மாடியில் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, நிழல் எல்லாம் போக 40 மிஞ்சுவதாகக் கொள்வோம். ஒரு கிலோவாட் பலகைக்கு இடைவெளியோடு 10 சதுர மீட்டர் வேண்டும். ஆக 4 கிலோவாட். வெப்பத்திலும் தூசியிலும் வீணாவது போக, நாளுக்குச் சுமார் 16 யூனிட் கிடைக்கும்.

படத்துக்குத் தெரியாதவையும் உண்டு. என் மைத்துனர் வீட்டில் வரைபடம் பார்த்துத்தான் பலகை வைத்தோம். இரண்டே ஆண்டில் பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பியது. தொடராக இணைத்த பலகைகளில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் மின்னோட்டமும் குறையும். மாலை மின்சாரம் பாதியாகிவிட்டது. பழைய படத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. படம் எடுத்த தேதியை நாங்கள் பார்க்கவில்லை.

பள்ளி மாடியில் ஒரு மீட்டர் குச்சியை நிறுத்தி, நண்பகலில் மிகக் குட்டையான நிழலை வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். சென்னை மாணவர்களுக்கு ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் நிழலே கிடைக்காது. ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் இன்னொரு நாள். உங்கள் ஊரில் அந்த நாட்கள் எவை?