தறி வீட்டுத் தரைக்கு எது காவல்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பழைய வீடுகளில் குழித்தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்பவர் குழிக்குள் காலை விட்டு உட்காருவார். அந்தத் தறி நகராது. தரையைக் கீறவும் கீறாது. கீறுவதெல்லாம் அதைச் சுற்றி இடம் மாறிக்கொண்டே இருக்கும் சாமான்கள்தான்: மர ஸ்டூல், இரும்புக் கட்டில், பீரோ. சிமெண்டுத் தரையில் கண்ணுக்குத் தெரியாத கீறல், பளபளக்கும் டைல்ஸில் விளக்கைப் போட்டதும் பல்லை இளிக்கிறது.

பழி நாற்காலிக் காலின் மேல் விழுந்தாலும் வேலையைச் செய்வது மணல். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. டைல்ஸின் மேல்பூச்சு பெரும்பாலும் அதற்குக் கீழேதான். காலுக்கும் தரைக்கும் நடுவே நாலு மணல் சிக்கினால் போதும். வாசலில் அரிசி மாவுக் கோலம் போட்டால் கவலையில்லை. கடைக் கோலமாவு பெரும்பாலும் கல்பொடி. காலோடு உள்ளே வருவது அதுவும்தான். ஆகவே முதல் செலவு வாசலில் ஒரு தேங்காய்நார் மிதியடிக்கு.

அடுத்தது கால்களுக்கு மாட்டுவது. கம்பளி போன்ற ஃபெல்ட் ஒட்டிகள் விலை குறைவு, சத்தமும் வராது. ஆனால் நம் வீடுகளில் தினமும் ஈரத்துணியால் துடைப்பதால் பசை விட்டுவிடும். அதைவிட மோசம், மணல் அதில் பதிந்து உப்புத்தாளாகிவிடுவது. தண்ணீர் அதிகம் படாத கூடத்து மர நாற்காலிக்கு மட்டும் ஒட்டலாம். அழுக்கேறியதும் மாற்றிவிட வேண்டும்.

இரும்புக் குழாய்க் கால்களுக்கு ரப்பர் புஷ்தான் சரி. ஈரத்துக்கு அஞ்சாது, வழுக்காது. வெள்ளைத் தரையில் கருப்புத் தடம் விடுவது அதன் குறை. இன்னொன்று, குழாயின் விளிம்பு ரப்பரை உள்ளிருந்தே அறுத்து வெளியே எட்டிப்பார்க்கும். மாட்டும்போதே உள்ளே ஒரு வாஷரைப் போட்டுவிட்டால் நாள்பட உழைக்கும். அடிக்கடி இழுக்கும் மர ஸ்டூலுக்கு ஆணியடித்த நைலான் குமிழ் நன்றாக நகரும். ஆனால் தரை பெருக்கியிருக்க வேண்டும்.

பீரோவுக்கு இவை எதுவும் வேண்டாம். கனமான ரப்பர் ஷீட்டில் சற்று உயர்த்தி வைத்தால் போதும். துடைக்கும் தண்ணீர் அடியில் தேங்கி ஏறும் துருக்கறை, கீறலைவிடப் பிடிவாதமானது.

புதிதாகத் தரை போடுவோருக்கு வாய்ப்பு இன்னும் பெரியது. ஜிவிடி எனப்படும் மேல்பூச்சிட்ட விட்ரிஃபைட் டைல்ஸில் அச்சிட்ட படமும் மேல்பூச்சும் மெல்லியவை. கீறினால் அடி தெரிந்துவிடும். டபுள் சார்ஜ் வகை டைல்ஸில் நிறம் 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம் போகும், ஃபுல் பாடியில் முழுக்கவே ஒரே நிறம். மேல்பூச்சுள்ள டைல்ஸ் வாங்கினால் தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் பிஇஐ தரம் கேளுங்கள்: வீட்டுக்கு 3 அல்லது 4, ஆள் நடமாட்டம் மிகுந்த பட்டுக் கடைக்கு 5. பளபளப்பைவிட மேட் கீறலை மறைக்கும். கருங்கல் இன்னும் உறுதி. பல்லவர்களே கைலாசநாதர் கோயிலில் பாரம் தாங்கும் அடித்தளத்துக்குக் கருங்கல்லும் மேலே மணற்கல்லும் வைத்தார்கள்.

ஆத்தங்குடிக் கற்கள் அழகுதான். தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கத் துடைக்க மெருகேறும். கூடத்துக்குப் போடலாம். பட்டை விரித்து மடிக்கும் அறைக்கு மட்டும் அந்த எண்ணெய்த் தரை ஆகாது.