மருந்தின் வலிமை ஓர் அமானிதம்

பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி, மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977). கண்டி திரினிட்டி கல்லூரியில் கற்ற இவர், மருத்துவக் கல்வியை எவ்வாறு கற்பிப்பது என்பதையே ஆராயும் தனிப் பிரிவொன்றைப் பேராதனையில் உருவாக்க உழைத்தார். சரியான மருந்துச்சீட்டு சரியான வகுப்பறையில்தான் தொடங்குகிறது என்பதை அவரது பணி உணர்த்துகிறது.

ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில், பல விலைகளில் விற்கப்பட்ட காலம் அது. தேவையான, பயன் உறுதியான மருந்துகளை மட்டும், அவற்றின் மருந்துப் பெயரிலேயே, நியாயமான விலையில் மக்களுக்கு வழங்க வேண்டும் என்றார் பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. 1977 செப்டெம்பரில் அவர் மறைந்தார். அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

‘தேவைக்கு மட்டுமே மருந்து’ என்ற அந்தப் பாடம் இன்று அன்டிபயாட்டிக் மருந்துகளுக்கே மிகவும் பொருந்துகிறது. ஏன்?

நம் உடலில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் சில, பரம்பரை அலகில் தற்செயலாக ஏற்பட்ட மாற்றத்தினால் மருந்தைத் தாங்கும் திறனைப் பெற்றிருக்கலாம். நாம் அன்டிபயாட்டிக் எடுக்கும்போது ஏனையவை அழிய, இவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. சாதகமான சூழலில் சில பற்றீரியாக்கள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அத்துடன், எதிர்ப்புத் திறனைத் தரும் அலகுகளை வேறு பற்றீரியாக்களுக்கும் அவை கடத்துகின்றன. ஆகவே பழகிப்போவது நமது உடலன்று, கிருமிதான். அந்தக் கிருமி நம்மிடமிருந்து வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கோ, மூத்தம்மாவுக்கோ தொற்றினால் வழக்கமான மருந்து அவர்களுக்குக் கைகொடுக்காது. 2019இல் மட்டும் இவ்வாறான எதிர்ப்பினால் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

தடிமனும் பெரும்பாலான தொண்டை நோவும் வைரசினால் வருபவை. அன்டிபயாட்டிக் வைரசைக் கொல்லாது. ஆயினும், “போன முறை இதைக் குடித்துத்தான் சுகமானது” என்று பழைய குளிசையைத் தேடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தடிமன் சில நாட்களில் தானாகவே மாறும். பாராட்டு மட்டும் குளிசைக்குப் போகிறது.

பெற்றோரே, வைத்தியரின் மருந்துச்சீட்டு இல்லாமல் அன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். தந்ததைச் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குக் கொடுங்கள். மீதியை வைத்திருக்கவோ அயலாருக்குக் கொடுக்கவோ வேண்டாம். சகோதரிகளே, மருந்துறையில் எழுதியுள்ள மருந்துப் பெயரை வாசித்து, அது எதற்கானது எனக் கேட்டறியுங்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்; தொற்றே ஏற்படாவிட்டால் மருந்துக்கும் தேவையில்லை.

ஒருவர் வீணாக்கினால் எல்லோரும் இழக்கும் பொருள் இது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகக் கருதி அதனைப் பேணுவோம்.