வலையமைப்புத் தேர்வும் யாப்பறிவும்

இலக்கணம் பயில்வார்க்குக் கணிப்பொறி வலையமைப்புத் தேர்வு எற்றுக்கு என வினவுவார் நம்முட் பலர். சிஸ்கோ நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய சி.சி.என்.ஏ. என்னும் தொடக்கநிலைத் தேர்வினை எழுதுதற்கு இன்ன பட்டம் வேண்டுமென்னும் விதி யாதும் இல்லை. கலைப்பிரிவு மாணவரும் எழுதலாம். ஆயினும், முகவரிப் பகுப்பு என்னும் அதிகாரத்தை எட்டியவுடன் அஞ்சிப் புத்தகத்தை மூடிவிடுவாரே மிகுதி. அவ்வச்சம் தமிழ் மாணவர்க்குச் சிறிதும் வேண்டுவதன்று என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது.

முதற்கண் தேர்வின் இயல்பை அறிதல் நலம். அதற்குரிய காலம் 120 நிமிடம். பாடப்பகுதிகள் ஆறு. நூற்றுக்கு, அடிப்படைகள் 20, வலையமைப்பிற் சேரும் முறை 20, முகவரிவழி இணைப்பு 25, சேவைகள் 10, பாதுகாப்பு 15, தன்னியக்கம் 10 என அவை பகுக்கப்பட்டுள்ளன. கடந்துவந்த வினாவிற்கு மீண்டு செல்லுதல் இயலாது. கால்குலேட்டர் கொண்டு செல்லலும் ஆகாது. ஆகலின், முகவரியைக் கையாலும் மனத்தாலும் விரைந்து பகுக்க வல்லாரே அச்சமின்றி விடையிறுப்பர்.

முகவரி என்பது யாது? ஆலங்குடி என்னும் பெயருடைய ஊர்கள் நம் நாட்டில் ஒன்றின் மேற்பட்டன. ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்து வட்டத் தலைநகர். மற்றொன்று குருதலமெனப் புகழ்பெற்ற திருவாரூர் மாவட்டத்து ஊர். பெயரொன்றையே எழுதி அஞ்சலிட்டால் கடிதம் எவ்வூர் சேரும்? இவ்விடர் நீங்கவே 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அஞ்சற் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியின் எண் 622301. இதில் 6 என்பது தமிழ்நாடு, கேரளம் முதலியவை அடங்கிய பெருவட்டாரம்; 622 என்பது புதுக்கோட்டைப் பிரிப்புப் பகுதி; எஞ்சிய 301 அஞ்சல் நிலையம். தொலைவிலுள்ள நிலையத்தார் முன்னுள்ள இலக்கங்களையே நோக்குவர். பின்னுள்ளவை புதுக்கோட்டையார் நோக்கற்பாலன.

ஐ.பி. முகவரியும் இத்தகையதே. அதன் முற்பகுதி வலையமைப்பையும் பிற்பகுதி அதிலுள்ள பொறியையும் சுட்டும். ரௌட்டர் என்னும் வழிகாட்டுங் கருவி முற்பகுதியையே நோக்கிச் செய்தியைச் செலுத்தும். ஓர் அஞ்சல் நிலையத்தில் ‘6’ எனக் குறித்த பையும் ‘622’ எனக் குறித்த பையும் இருப்பின், நம் கடிதத்தை எதில் இடுவர்? மிக நீண்டு பொருந்துவதாகிய 622-இலேயே அன்றோ? ரௌட்டர் கொள்ளும் முறையும் இதுவே. வேற்றுமை ஒன்று உளது. அஞ்சல் எண்ணில் முற்பகுதி மூன்றிலக்கம் என நிலைபெற்றது, ஐ.பி. முகவரியிலோ அதன் நீளம் இடத்திற்கேற்ப மாறும். அந்நீளத்தையே சாய்கோட்டின்பின் 24, 26 என எழுதுவர்.

இனி யாப்பிற்கு வருவாம். ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட்டுகளால் ஆயது. பிட் ஒவ்வொன்றும் 0 அல்லது 1. அசையும் நேர், நிரை என இரண்டே. ஆதலின் ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 எனக் காரிகை கற்றார் அறிவர். ஒவ்வோர் அசை கூடுந்தோறும் தொகை இரட்டிக்கும். இவ்வாறே சென்றால் எட்டு அசைக்கு 256 ஆகும். முகவரியின் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமைவதன் காரணம் இதுவே.

நேர் 0, நிரை 1 எனக் கொள்க. எட்டு இடங்களுக்கும் முறையே 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என மதிப்பிடுக. அப்பொழுது 77 என்பது 64, 8, 4, 1 ஆகியவற்றின் கூட்டு, அஃதாவது 01001101. இதனை இரண்டிரண்டு அசையாய்ப் பிரிப்பின், கூவிளம் தேமா கருவிளம் கூவிளம் என நாற்சீரடி ஒன்று அமையும்.

ஆலங்குடியில் ஒரு பள்ளிக்கு 192.168.10.0/24 என்னும் முகவரித் தொகுதி உளதெனக் கொண்டு, அதனை அலுவலகம், கணிப்பொறிக்கூடம், நூலகம், ஆசிரியரறை என நான்காகப் பகுப்போம். நான்கு வேண்டின் ஈரசை போதும். 24 என்பது 26 ஆகும். தேமா 0 முதல் 63 வரை. கூவிளம் 64 முதல் 127 வரை. புளிமா 128 முதல் 191 வரை. கருவிளம் 192 முதல் 255 வரை. எஞ்சிய ஆறு அசையும் நேராயின் வலையமைப்பின் பெயர்; முற்றும் நிரையாயின் அனைவர்க்கும் பொது அறிவிப்பு. இவ்விரண்டும் நீக்க, பகுதிதோறும் 62 பொறிகட்கு இடமுண்டு. கணிப்பொறிக்கூடத்து 77 நூலகத்து 130-ஐ நேரே அடையுமா? முன்னது கூவிளத்திற் றொடங்குவது. பின்னது புளிமாவிற் றொடங்குவது. முதற்சீர் வேறாதலின் ரௌட்டர் இடையே வேண்டும். தேர்வில் வரும் வினாக்கள் பல இவ்வகையினவே.

யாப்பறிவு இவ்வோர் அதிகாரத்திற்கே துணையாகும். ஏனையவற்றைச் செய்து பழகியே அறிதல் வேண்டும். அதற்கெனச் சிஸ்கோ வலையமைப்புக் கழகத்தார் பாக்கெட் டிரேசர் என்னும் பயிற்சி மென்பொருளைக் கட்டணமின்றி வழங்குகின்றனர். நாள்தோறும் பத்து முகவரிகளைத் தாளிற் பகுத்து, அவற்றை அம்மென்பொருளில் அமைத்து, செய்தி சென்று சேர்கின்றதா எனச் சோதித்தல் நன்று. சேராதவிடத்துக் காரணம் தேடுங்கால் பெறும் அறிவே நிலைத்த அறிவு.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். எளிய குடும்பத்தார்க்கு அது பெருஞ்சுமை. அச்சுமைக்கு அஞ்சி, களவில் வெளிவந்த வினாத்தொகுப்புக்களை விலைக்கு வாங்கி மனப்பாடஞ் செய்வார் உளர். அது தேர்வு உடன்படிக்கைக்கு முரணானது. வெளிப்படின் சான்றிதழே பறிபோம். வெளிப்படாதொழியினும், பணியிற் சேர்ந்த முதல் நாளிலேயே மருத்துவமனையொன்றின் இணைப்பு அறுந்துழி, மனப்பாடம் என் செய்யும்? நம்பியிருப்போர் இடர்ப்படுவரன்றோ? மணலின்மேற் கட்டிய வீட்டின் முடிவை நாம் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம்.

ஆதலின் அன்பர்காள்! அசை பிரிக்க அறிந்த நீவிர் முகவரி பிரிக்கவும் வல்லீர். ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து, 200 என்னும் எண் எச்சீர்களால் ஆயதென இன்றே பிரித்துப் பாருங்கள். முதற்சீர் கருவிளமாக அமையின், நும் பயிற்சி செவ்வனே தொடங்கிற்றென்க.