நட்சத்திரம் பிந்தவில்லை, பார்த்தவர் பிந்தினார்!



சர்வே பிராக்டிகலில் ஒரே கோணத்துக்கு உங்களுக்கு ஒரு ரீடிங், உங்கள் பார்ட்னருக்கு வேறொரு ரீடிங் வருகிறது. உடனே, "தியோடலைட் சரியில்லப்பா" என்று பழியைக் கருவிமேல் போட்டுவிடுகிறோம். கருவிக்குப் பின்னால் நிற்கும் ஆளையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டாமா? நான் சிவில் இறுதியாண்டு மாணவன். ஃபீல்டு அஸ்ட்ரானமி படித்தபோது என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கேள்விதான்.

பத்தில் ஒரு பங்கு வினாடி

நாடு முழுவதையும் அளக்கும் ஜியோடெடிக் சர்வேயில், ஒரு நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உண்மையான வடதிசை ஆகியவற்றை நட்சத்திரங்களைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். பூமி ஒரு வினாடி நேரத்தில் 15 செகண்டு கோணம் சுழல்கிறது. சென்னை இருக்கும் 13 டிகிரி அட்சரேகையில் இது தரையில் ஏறக்குறைய 450 மீட்டர். அப்படின்னா, நட்சத்திரம் கம்பியைக் கடந்த நேரத்தில் 0.1 வினாடி தவறினாலே தீர்க்கரேகையில் 45 மீட்டர் போச்சு!

வேலை இழந்த உதவியாளர்

இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வுக்கூடத்தில் 1796-ஆம் ஆண்டு நடந்தது இது. தலைமை வானியலாளர் நெவில் மாஸ்கலின். அவருடைய உதவியாளர் டேவிட் கின்னிபுரூக். அப்போது இருந்தது 'கண்-காது முறை'. கடிகாரத்தின் 'டிக்' ஓசையைக் காதால் எண்ணிக்கொண்டே, ஒரு டிக்கில் நட்சத்திரம் கம்பிக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தூரம், அடுத்த டிக்கில் அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று கண்ணால் பார்த்து, பத்தில் ஒரு பங்கு வினாடி வரை மதிப்பிட வேண்டும். கின்னிபுரூக் குறித்த நேரங்கள் மாஸ்கலினுடையதைவிட 0.8 வினாடி பிந்தியிருந்தன. அவர் பார்க்கும் முறையே தவறு என்று முடிவு கட்டி, வேலையை விட்டு அனுப்பிவிட்டார் மாஸ்கலின்.

பல ஆண்டுகள் கழித்து, ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் இந்தக் குறிப்பைப் படித்தார். இது வெறும் கவனக்குறைவுதானா என்று அவருக்குச் சந்தேகம். தன் நேரங்களை மற்ற நிபுணர்களின் நேரங்களோடு ஒப்பிட்டார். 1823-இல் அவருக்கும் ஆர்கெலாண்டருக்கும் இடையே சுமார் 1.2 வினாடி வித்தியாசம் வந்தது! இருவருமே கைதேர்ந்தவர்கள். ஆக, ஒவ்வொருவர் கண்ணுக்கும் காதுக்கும் ஒரு சொந்த வழக்கம் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. இதற்குத்தான் 'பெர்சனல் ஈக்குவேஷன்' என்று பெயர். பாவம் கின்னிபுரூக், இதை அறியாமலே 1802-இல் இறந்துபோயிருந்தார்.

இந்த அம்மி நகராது

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தற்செயல் பிழைகளுக்கு இது பொருந்தும். 16 ரீடிங் எடுத்துச் சராசரி கண்டால் அந்தப் பிழை நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் ஒருவர் எப்போதும் 0.3 வினாடி பிந்திப் பார்ப்பவர் என்றால், 16 என்ன, 1,600 ரீடிங் எடுத்தாலும் சராசரியும் 0.3 வினாடி பிந்தியே நிற்கும். இதில் ஆபத்து என்னவென்றால், ரீடிங்குகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். நாமும் நம்பி ஏமாந்துவிடுவோம்!

ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட் எடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். அது கோலிமேஷன் போன்ற கருவிப் பிழைகளுக்கு மருந்து. ஃபேஸை மாற்றினாலும் பார்க்கும் கண் அதே கண்தானே?

அப்போ என்னதான் வழி?

1. ஆளை மாற்றுதல்: இரு நிலையங்களின் தீர்க்கரேகை வித்தியாசத்தைக் காணும்போது, பாதி வேலை முடிந்ததும் இரண்டு அப்சர்வர்களும் இடம் மாறிக்கொள்வார்கள். இரண்டு பாதிகளின் சராசரியில் இருவரின் வழக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

2. ஜோடி நட்சத்திரம்: அட்சரேகைக்கு, தலைக்கு மேலுள்ள உச்சிக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக, ஏறத்தாழ ஒரே உயரத்திலுள்ள இரு நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டும். உயரத்தைக் கொஞ்சம் கூட்டியே படிப்பவருக்கு வட நட்சத்திரம் அட்சரேகையைக் கூட்டிக் காட்டும், தென் நட்சத்திரம் குறைத்துக் காட்டும். சராசரி சரியாக வரும். ஒளிவிலகல் பிழையும் பெரும்பாலும் இப்படியே நீங்கும்.

3. வேளை பார்த்தல்: துருவ நட்சத்திரம் கிழக்கு அல்லது மேற்குக் கோடியில், அதாவது எலாங்கேஷனில் இருக்கும்போது, அதன் திசை சற்று நேரம் மாறாமல் நிற்பதுபோல் இருக்கும். அப்போது அசிமுத் எடுத்தால், நேரத்தில் சிறு தவறு வந்தாலும் விடை கெடாது.

4. வேலையைக் கருவிக்கு விடுதல்: காதுக்குப் பதிலாக, பொத்தானை அழுத்தினால் நேரம் பதியும் குரோனோகிராஃப் வந்தது. பிறகு வந்த 'இம்பெர்சனல் மைக்ரோமீட்டரில்' நகரும் கம்பியை நட்சத்திரத்தின் மேலேயே வைத்துக்கொண்டு போனால் போதும். நேரம் தானாகப் பதிவாகும். இன்று டிஜிட்டல் ஜெனித் கேமராவில் படத்தை சென்சார் எடுக்கிறது, நேரத்தை ஜி.பி.எஸ். தருகிறது.

"ஜி.பி.எஸ். இருக்கும்போது நட்சத்திரம் எதுக்குடா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி.பி.எஸ். இடத்தைச் சொல்லும், அங்கே தூக்குக்குண்டு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து தொங்குகிறது என்பதைத் தனியாகச் சொல்லாது. அதை நேரடியாக அளக்க இன்றும் நட்சத்திரம் வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

ரீடிங் படிப்பவருக்கு முந்தைய ரீடிங்கைச் சொல்லாதீர்கள். தெரிந்தால் கண் தானாகவே அதை நோக்கி இழுக்கப்படும். யார் படித்தார், யார் எழுதினார் என்பதையும் குறித்து வையுங்கள். ஒத்துப்போகாத ரீடிங்கை ரப்பரால் அழித்து 'மேட்ச்' செய்யாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புது ரீடிங்கை எழுதுங்கள்.

மாஸ்கலின் உதவியாளருக்கு நியாயம் செய்யவில்லை. ஆனாலும் அந்த 0.8 வினாடியை மறைக்காமல் தம் பதிவுகளில் அச்சிட்டார். அதனால்தான் பெஸ்ஸலின் கண்ணில் அது பட்டது. ஒத்துப்போகாத எண் நம் ஃபீல்டு புக்கிலும் பத்திரமாக இருக்கட்டும் நண்பர்களே! அதற்கான காரணத்தை நாம் கண்டுபிடிக்காவிட்டாலும், நமக்குப் பின் வரும் ஜூனியர் ஒருவர் கண்டுபிடிக்கலாம்.