அச்சிடுமுன் அளந்து பார்ப்போம்

தோட்டத்து மாரியம்மன் ஆலயத் திருவிழா நெருங்குகின்றது. வீடுதோறும் வழங்க அறிவிப்பு வேண்டும். நன்கொடைக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் வேண்டும். நுழைவாயிலில் கட்டப் பதாகை வேண்டும். தொண்டர்களுக்குச் சட்டைகளும் வேண்டும். நிர்வாகத்தினர் பட்டணத்து அச்சகத்திற்குச் செல்கின்றனர். "எல்லாவற்றையும் நன்றாக அச்சடித்துக் கொடுங்கள்" என்று சொல்லி, முன்பணம் செலுத்தித் திரும்புகின்றனர்.

அந்தப் பணம் யாருடையது? வைகறையில் எழுந்து மரம் சீவிய கைகள் மனமுவந்து அளித்த பணம் அது. அதில் ஒரு வெள்ளி வீணானாலும் இழப்பு நம் எல்லார்க்குமே. எனவே, எப்பொருளுக்கு எம்முறை அச்சு ஏற்றது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம். அச்சகத்தாரிடம் செல்லுமுன் நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோமாக.

எத்தனை படிகள்?

இன்று பெரும்பாலான அச்சகங்களில் தாளில் அச்சிட இரு முறைகள் உள்ளன. ஒன்று ஆப்செட், மற்றொன்று கணினி வழி அச்சு.

ஆப்செட் முறையில் மை பூசிய தகட்டிலிருந்து படிவம் முதலில் ரப்பர் விரிப்பிலும், அதிலிருந்து தாளிலும் பதிகின்றது. 1904ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஐரா ரூபெல் என்பவர் இதனைக் கண்டறிந்தார். தாள் செல்லாமலே பொறி ஒருமுறை சுழன்றுவிட்டது. படிவம் ரப்பரில் பதிந்து, அடுத்த தாளின் பின்புறத்தில் விழுந்தது. கல்லிலிருந்து நேராக விழுந்த அச்சைவிட அதுவே தெளிவாக இருந்தது. ரப்பரின் மென்மையே அதற்குக் காரணம். எண்ணெய் மை இயற்கை ரப்பரை உப்பச் செய்வதால், இன்று அவ்விரிப்பின் மேற்பரப்பு பெரும்பாலும் செயற்கை ரப்பரால் ஆனது.

ஆப்செட்டில் தகடு செய்யவும் பொறியை ஆயத்தப்படுத்தவும் முதலிலேயே செலவாகும். பின்னர் ஒவ்வொரு தாளுக்கும் ஆகும் செலவு குறைவு. கணினி வழி அச்சில் தகடு இல்லை. ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் செலவு கூடுதல்.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கணக்குப் போடுவோம். ஆப்செட்டுக்குத் தொடக்கச் செலவு 200 வெள்ளி, தாளுக்கு 10 காசு என்க. கணினி அச்சுக்குத் தாளுக்கு 60 காசு என்க. 150 அறிவிப்புகளுக்கு ஆப்செட்டில் 215 வெள்ளி. கணினி அச்சில் 90 வெள்ளியே. 400 படிகளுக்கு இரண்டிலும் 240 வெள்ளி. 2,000 படிகளுக்கோ ஆப்செட்டில் 400 வெள்ளி; கணினி அச்சில் 1,200 வெள்ளி. விலைகள் இடத்திற்கு இடம் மாறுபடும்; கணக்கிடும் வழி மாறாது.

"ஆயிரம் அடித்தால் ஒன்றின் விலை குறையும்" என்னும் பேச்சில் மயங்கலாகாது. திருவிழா முடிந்த மறுநாள், எஞ்சிய அறிவிப்புகள் வெறுங்காகிதமே.

எப்பொருளின்மீது?

சட்டைக்கும் கைப்பைக்கும் பட்டுத்திரை அச்சு ஏற்றது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையின் வழியே, ரப்பர்த் தகட்டினால் மையைத் தள்ளிப் பதிக்கும் முறை இது. முன்னாளில் பட்டுத்துணி பயன்பட்டது. இந்நாளில் செயற்கை இழை வலை பயன்படுகின்றது. ஒவ்வொரு நிறத்திற்கும் தனித் திரை வேண்டும். ஆகவே, இருபது சட்டைகளுக்கு ஐந்து நிறச் சித்திரம் கேட்பது வீண்செலவு. ஒரு நிறத்தில் ஆலயப் பெயர் போதும். மை காய்ந்தபின் உரிய வெப்பத்தில் பதப்படுத்தினால்தான் சலவைக்குத் தாங்கும். நம் இளைஞர்கள் இக்கலையைக் கற்றுக்கொள்வது எளிது.

திருமண அழைப்பிதழில் பொன்னெழுத்து விரும்புவோர் உண்டு. அதற்கு வெப்ப அச்சில் பொற்படலம் ஒட்டுவர். மணமக்கள் பெயரை மட்டும் அவ்வாறு செய்து, மற்றவற்றைச் சாதாரண மையில் அச்சிட்டால் அழகும் குன்றாது, செலவும் மிகாது.

எவ்வளவு காலம், எதற்காக?

வெயிலிலும் மழையிலும் தொங்கும் பதாகைக்குத் தாள் உதவாது. நெகிழித் துணியில் மை தெளித்து அச்சிடுவதே தக்கது. வெயிலில் மஞ்சளும் சிவப்பும் கறுப்பைவிட விரைவில் மங்கும். முக்கிய எழுத்துகள் கறுப்பில் இருக்கட்டும். ஆண்டையும் நாளையும் பதாகையில் அச்சிடாமல் தனித் துண்டாகக் கட்டினால், அதே பதாகை மறு ஆண்டும் உதவும்.

பற்றுச்சீட்டின் நிலை வேறு. அங்கு அழகு முக்கியமன்று, நம்பிக்கையே முக்கியம். வரிசை எண், கிழிப்பதற்குத் துளைக்கோடு, கரித்தாளின்றியே நகல் விழும் தாள் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுக. எண்ணில்லாத சீட்டுகளைப் படியெடுத்து வழங்கினால் சில வெள்ளி மிச்சமாகலாம். ஆனால், கணக்கில் ஐயம் எழுந்தால் ஒரு தோட்டமே இரண்டுபடும்.

சிறப்பு மலர் வெளியிடுவோர் ஒன்றை நினைவிற்கொள்க. நடுவில் கம்பி தைக்கும் மலரின் பக்கங்கள் நான்கின் மடங்காக அமைய வேண்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் முதல் அல்லது கடைசித் தாளில் இடம்பெற வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் விதியாகும்.

கையொப்பமிடுமுன்

எம்முறையாயினும், மாதிரிப் படியைக் கண்ணால் காணாமல் ஒப்புதல் அளிக்கலாகாது. இருவர் சேர்ந்து பார்ப்பது நன்று. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கையெழுத்துப் படியுடன் ஒப்பிடட்டும். நாள், கிழமை, பெயர்கள், தொலைபேசி எண் ஆகியவற்றில்தான் பிழை ஒளிந்திருக்கும். நாம் ஒப்பமிட்ட பின்னர்க் கண்ட பிழைக்கு அச்சகத்தார் பொறுப்பேற்பதில்லை.

பயிற்சி: உங்கள் தோட்டப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் விளையாட்டுப் போட்டி நடத்துகின்றது. 80 அழைப்பிதழ்கள், 30 சட்டைகள், ஒரு பதாகை ஆகியன தேவை. ஒவ்வொன்றுக்கும் எம்முறை ஏற்றது? வீட்டிலுள்ள பிள்ளைகளுடன் அமர்ந்து எழுதிப் பாருங்கள். அவ்வாறு எழுதிய தாளுடன் அச்சகத்தின் படியேறுவோர், பொதுப்பணத்தைக் காத்தவராவர்.