விளையாட்டில் விளையும் ஆங்கிலச் சொற்கள்

கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப் பணி, 2001 பிப்ரவரி 28-இல் முடிவுற்றது. மைசூர் மைன்ஸ் முதியோர் பலர் 'ஷாஃப்ட்', 'ஷிப்ட்' போன்ற சொற்களை அகராதியில் அல்ல, வேலையில் கற்றனர். 'பிக்காக்ஸ்' அவர்கள் நாவில் 'பிக்காசு' ஆயிற்று.

அதே சொற்களைப் பேரப்பிள்ளைகள் இன்று 'மைன்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டில் சந்திக்கின்றனர். இரும்புப் பிக்காசால் தங்கத்தாதுவை வெட்டி, உலையில் உருக்கினால் தங்கக்கட்டி, அதாவது 'இங்காட்', கிடைக்கும். உருக்குதல் 'ஸ்மெல்ட்'. பலர் கூடி ஆடுகையில், தோழர் தட்டச்சிடும் சொல் புரிந்தால்தான் அடுத்த வேலை நடக்கும். ஆகவே பொருள் மனத்தில் பதிகிறது.

பயிலும் முறை:

1. நாளொன்றுக்கு ஐந்து சொற்களைத் தமிழ்ப் பொருளுடன் குறிப்பேட்டில் எழுதுக.

2. ஒவ்வொன்றையும் விளையாட்டுக்கு வெளியே ஒரு வாக்கியத்தில் ஆள்க.

3. கைவிடப்பட்ட 'மைன்ஷாஃப்ட்' விளையாட்டிலும் உண்டு. உண்மைச் சுரங்கம் எப்படியிருந்தது எனத் தாத்தாவிடம் கேட்டறிக.

4. வாரந்தோறும் மீள்பார்வை செய்க.

மேலும் மூன்று சொற்கள் இன்றியமையாதவை: 'பர்ச்சேஸ்' (வாங்குதல்), 'கன்ஃபர்ம்' (உறுதிசெய்தல்), 'சப்ஸ்கிரிப்ஷன்' (தவணைதோறும் செலுத்தும் கட்டணம்). பொருளறியாது பிள்ளை தொட்டால், பெற்றோர் கணக்கில் பணம் குறையும். கணக்கு விவரங்களைக் கைப்பேசி விளையாட்டில் சேமிக்க வேண்டாம். ஓடிபி எண்ணை எவரிடமும் பகிர வேண்டாம். இணைய மோசடியில் பணம் இழந்தால் உடனே 1930-ஐ அழைக்கவும்.

சொல்லறிவு பெருகட்டும், சேமிப்பும் நிலைக்கட்டும் என வாழ்த்துகிறோம்.