மாலைக்குள் தீர வேண்டிய சரக்கு: நியூ ஜெர்சியில் ஆப்பிள் டோனட் விற்கப் போகிறவர்களுக்கு

செப்டம்பர் பிறந்தால் போதும், நியூ ஜெர்சியின் பழத்தோட்டங்களில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. பிரின்ஸ்டன் பக்கம் டெர்ஹூன் ஆர்ச்சர்ட்ஸ், கோல்ட்ஸ் நெக்கில் டெலிஷியஸ் ஆர்ச்சர்ட்ஸ் என்று எங்கே போனாலும், ஆப்பிளுக்கு வந்த கூட்டத்தில் பாதி சைடர் டோனட் வரிசையில்தான் நிற்கும். பட்டைத்தூளும் சர்க்கரையும் புரட்டிய, கை சுடும் டோனட். எடிசனிலிருந்து குடும்பத்தோடு போய்ப் பழம் பறித்துத் திரும்பும் நம்மவர்களில் சிலருக்கு வழியிலேயே யோசனை வந்துவிடும்: இதை வீட்டில் செய்து விற்றால் என்ன?

தாராளமாக விற்கலாம். சின்னத் தொழிலாகத் தொடங்க நல்ல பண்டம். முதலீடு குறைவு, மூலப்பொருள் எல்லாம் பக்கத்துக் கடையில் கிடைக்கும், வாங்குபவருக்கு ஆசை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் காலையில் சுட்டால் மாலைக்குள் தின்றுவிட வேண்டிய பண்டம் இது. மறுநாள் மேலே புரட்டிய சர்க்கரை கசிந்து பிசுபிசுக்கும், உள்ளே வறண்டுவிடும். இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துத்தான் விலை, ஆர்டர், வேலை நேரம் எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும். அதை மறந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு மிச்ச டோனட்டை அக்கம்பக்கத்துக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

முதலில் விசா, பிறகு வெண்ணெய்

சமையல் குறிப்புக்கு முன்னால் பார்க்க வேண்டியது உங்கள் குடியேற்ற நிலை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் சிக்கல் இல்லை. எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு வேலை அனுமதி அட்டை, அதாவது இஏடி, கையில் இருந்தால் சொந்தத் தொழிலும் செய்யலாம். 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி, கணவர் அல்லது மனைவியின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் அந்த அட்டை பெற வழி செய்தது. அட்டை இல்லாத எச்-4காரர் ஒரு டஜன் டோனட் விற்றாலும் அது அனுமதியற்ற வேலைதான். எல்-2எஸ் என்று ஐ-94 படிவத்தில் குறித்திருக்கும் துணைவர்கள் அட்டை இல்லாமலே வேலை செய்யலாம். எச்-1பி வைத்திருப்பவருக்கு, விசாவுக்கு மனுப்போட்ட நிறுவனத்தின் வேலையைத் தவிர வேறெதுவும் கூடாது. எஃப்-1 மாணவர்களும் விலகியே இருங்கள்.

"வாட்ஸ்அப் குழுவில் தெரிந்தவர்களுக்குத்தானே தருகிறோம், பொருள் செலவு மட்டும்தானே வாங்குகிறோம்" என்ற சமாதானம் எங்கும் எடுபடாது. காசு கை மாறினால் விற்பனை. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். பல ஆண்டுகள் காத்திருக்கும் கிரீன் கார்டை இரண்டு மாத டோனட்டுக்காகப் பணயம் வைப்பவரைப் புத்திசாலி என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது மாநில அனுமதி. வீட்டில் சுட்ட பண்டங்களை விற்க அமெரிக்காவிலேயே கடைசியாக அனுமதித்த மாநிலம் நியூ ஜெர்சி. வீட்டு பேக்கர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டு, பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2021 அக்டோபரில் விதி மாறியது. இப்போது மாநில சுகாதாரத் துறையிடம் நூறு டாலர் கட்டி அனுமதி வாங்கினால் இரண்டு ஆண்டு செல்லும். அதற்கு முன் உணவுப் பாதுகாப்பு மேலாளர் சான்றிதழ் தேர்வு ஒன்றை எழுதித் தேற வேண்டும். வீட்டில் கிணற்று நீர் என்றால் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். ஆண்டுக்கு மொத்த விற்பனை ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டக்கூடாது.

யாருக்கு விற்கலாம் என்பதிலும் கட்டுப்பாடு உண்டு. உண்பவருக்கு நேரடியாக மட்டுமே விற்கலாம்: உங்கள் வீட்டு வாசலில், அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, அல்லது உழவர் சந்தை போன்ற இடங்களில். ஓக் ட்ரீ ரோட்டில் கடை வைத்திருக்கும் நண்பர் "கல்லாப் பக்கத்தில் வைத்து விற்றுத் தருகிறேன்" என்றால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். பென்சில்வேனியாவிலிருக்கும் அக்காவின் தோழிகளுக்குத் தபாலில் அனுப்புவதும் ஆகாது. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் மாநில விதியைத் தனியே பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று பெரிதும் மாறும். வாடகை வீடா, குடியிருப்போர் சங்கம் உண்டா, நகராட்சி என்ன சொல்கிறது என்பதையும் விசாரியுங்கள். வீட்டுக் காப்பீடு பொதுவாகத் தொழில் சார்ந்த இழப்பை ஏற்காது. தனியாகப் பொறுப்புக் காப்பீடு எடுப்பது நல்லது.

சாற்றைச் சுண்ட வைப்பதில்தான் ருசி

பழங்காலப் பண்ணை வீட்டுப் பலகாரம் போலத் தோன்றும் இந்தச் சைடர் டோனட் பெயர் பெற்றது ஒரு கம்பெனியின் வியாபார யோசனையால். 1920-இல் நியூயார்க்கில் டோனட் இயந்திரத்தைக் கொண்டுவந்த அடால்ஃப் லெவிட்டின் டோனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா, 1951-இல் இலையுதிர் கால விற்பனைக்கென்று இனிப்புச் சைடர் டோனட்டை முன்வைத்தது. பருவத்தோடு கட்டிப்போட்டதில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருந்தது. இன்றைக்கும் ஜூலையில் இதைக் கேட்பாரில்லை.

தோட்டத்தில் விற்பது எண்ணெயில் பொரித்தது. வீட்டில் பொரிக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஏறக்குறைய 190 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் மணிக்கணக்கில் நிற்பது ஆபத்து. புகை உணரி அலறும். எண்ணெய் வாடை திரைச்சீலையில் ஏறிவிடும். ஓவனில் சுட்டது கேக்குக்குப் பக்கத்தில் இருக்கும், பொரித்ததன் மொறுமொறுப்பு வராது. அதை மறைக்காமல் "ஓவனில் சுட்டது" என்றே எழுதி விற்றால், எண்ணெய்க்குப் பயந்தவர்கள் தேடி வருவார்கள்.

பன்னிரண்டு டோனட்டுக்கு என் அளவு: மைதா 250 கிராம், பழுப்புச் சர்க்கரை 150 கிராம், உருக்கிய வெண்ணெய் 60 கிராம், முட்டை ஒன்று, மோர் 120 மில்லி, சுண்டிய சைடர் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடாவும் உப்பும் அரையரை டீஸ்பூன், பட்டைத்தூள் ஒன்றரை டீஸ்பூன், துருவிய ஜாதிக்காய் கால் டீஸ்பூன்.

தோட்டங்களில் சைடர் என்று விற்பது வடிகட்டாத ஆப்பிள் சாறு, மது அல்ல. பாஸ்டரைஸ் செய்ததையே வாங்குங்கள். செய்யாத புட்டியில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்பது 1998 முதல் சட்டம். அரை லிட்டர் சாற்றை அகலமான பாத்திரத்தில் கொதிக்கவிட்டு 120 மில்லியாகச் சுண்ட வையுங்கள். ஆப்பிள் மணம் வருவது இதில்தான். சுண்டாத சாற்றை அப்படியே ஊற்றினால் மாவு நீர்த்துப்போகும், பட்டை வாசனை மட்டும் மிஞ்சும். முதல் நாள் இரவே சுண்டவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். சாற்றிலும் மோரிலும் உள்ள புளிப்பு சோடாவோடு சேர்ந்து மாவை உப்பவைக்கும். ஆகவே கலந்த மாவைக் காக்க வைக்காதீர்கள்.

ஈரப் பொருள்களைத் தனியாகவும் உலர்ந்தவற்றைத் தனியாகவும் கலந்து, கடைசியில் ஒன்றுசேர்த்து, மாவுத் தடம் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். அடித்துக்கொண்டே இருந்தால் ரப்பர்தான் கிடைக்கும். பைப்பிங் பையில் நிரப்பி, வெண்ணெய் தடவிய டோனட் அச்சில் முக்கால் அளவு பிழியுங்கள். அதற்கு மேல் போனால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும். 350 ஃபாரன்ஹீட், அதாவது 175 செல்சியஸ் சூட்டில் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம். விரலால் அழுத்தினால் மேலெழும்ப வேண்டும். ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, சூடு இருக்கும்போதே உருக்கிய வெண்ணெய் தடவி, பட்டைச் சர்க்கரையில் புரட்டுங்கள். ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். ஓவன் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள்.

பட்டைத்தூள் விஷயத்தில் மலிவு பார்க்காதீர்கள். 2024-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சில பட்டைத்தூள்களில் ஈயம் அதிகம் இருப்பதாக எச்சரித்தது. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நம் வீட்டு அடுப்படிக்கென்று ஒரு விதி. சுடும் நாளில் தாளிப்பு கிடையாது. கடுகு, பெருங்காயம், கருவாட்டு வாசனையை வெண்ணெயும் மாவும் இழுத்துக்கொள்ளும். அன்றைக்குச் சமையலை முந்தின இரவே முடித்துவிடுங்கள், அல்லது தயிர்சாதம். எள்ளும் நிலக்கடலையும் நம் அலமாரியில் எப்போதும் இருப்பவை. அமெரிக்கச் சட்டம் குறிப்பிடும் ஒன்பது பெரிய ஒவ்வாமைப் பொருள்களில் இரண்டுமே வருகின்றன, எள் 2023 ஜனவரியிலிருந்து. இட்லிப்பொடி அரைத்த மிக்சியில் சர்க்கரை பொடித்தால் யாரோ ஒரு குழந்தை மருத்துவமனைக்குப் போக நேரலாம். தனிப் பாத்திரம், தனி மிக்சி ஜார், தனி அலமாரி வேண்டும். பெட்டியின் சீட்டில் சேர்மானங்களையும், ஒவ்வாமைப் பொருள்களையும், இது சுகாதாரத் துறை ஆய்வு செய்யாத வீட்டுச் சமையலறையில் தயாரானது என்பதையும் அச்சிட வேண்டும்.

உங்கள் மணிக்கூலி எவ்வளவு?

பலர் விலை வைப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். மாதிரிக்கு ஒரு கணக்கு போடுவோம். ஒரு டஜனுக்குப் பொருளும் பெட்டியும் சேர்த்து 6 டாலர், விலை 18 டாலர். ஆறு அச்சுள்ள தட்டு இரண்டு இருந்தால், பிழிவது, சுடுவது, புரட்டுவது, கழுவுவது எல்லாம் சேர்த்து ஒரு டஜனுக்கு அரை மணி. சனிக்கிழமை ஆறு டஜன் என்றால் மூன்று மணி நேரம். தயாரிப்பு, பொதிவது, துடைப்பதற்கு இன்னும் இரண்டு. வரவு 108, செலவு 36, மிச்சம் 72. ஐந்து மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 14.40 டாலர். 2025-இல் நியூ ஜெர்சியின் குறைந்தபட்சக் கூலியே 15.49. மளிகைக் கடையில் கல்லாவில் நின்றிருந்தால் கூடக் கிடைத்திருக்கும்.

இதை மாற்ற இரண்டு வழி உண்டு. விலையை 20 ஆக்கினால் மணிக்கு 16.80. அல்லது இன்னும் இரண்டு தட்டு வாங்கி, ஓவனின் இரண்டு அடுக்கிலும் வைத்து, பாதி நேரத்தில் இடம் மாற்றிச் சுட்டு, ஏழு மணி நேரத்தில் பன்னிரண்டு டஜன் தாண்டினால் 18 டாலர் விலையிலேயே மணிக்கு 20 டாலருக்கு மேல் நிற்கும். நான் இரண்டாவதைச் சொல்வேன். உங்களுக்குப் பற்றாக்குறை நேரமும் ஓவனும்தான். ஒவ்வொரு முறையும் ஓவனை நிரப்புங்கள்.

மிச்சமாகிற டோனட்தான் லாபத்தைத் தின்னும் என்பதால், கையிருப்பு வைத்து விற்காதீர்கள். வியாழன் இரவோடு ஆர்டர் முடிவு, முன்பணம், சனிக்கிழமை பதினொன்று முதல் ஒன்று வரை வாங்கிப் போகலாம், அவ்வளவுதான். தாமதமாக வருபவருக்காக மாலை வரை காத்திருக்காதீர்கள். அவர் கையில் ஆறிப்போன டோனட் போனால், ருசி சுமார் என்று ஊருக்குச் சொல்லப்போவதும் அவர்தான்.

பண்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். ஒரே டோனட், முட்டை சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு வகை போதும். முட்டைக்குப் பதில் கால் கப் கெட்டித் தயிர். முட்டை சேர்க்காத டோனட் தோட்டங்களில் கிடைப்பது அரிது, நம் சமூகத்தில் கேட்பவர்களோ ஏராளம். நவராத்திரியும் தீபாவளியும் பெரும்பாலும் இதே வாரங்களில் வருகின்றன. கொலுவுக்கு வரும் குழந்தைகளுக்குச் சுண்டலோடு சின்ன டோனட் பெட்டி என்று சொல்லிப் பாருங்கள். ஹாலோவீனும் அக்டோபர் இரண்டாம் திங்கள் நீண்ட வார இறுதியும் உச்சம். தேங்க்ஸ்கிவிங் வந்தால் ஊர் பை (pie) பக்கம் தாவிவிடும்.

வரியை மறக்காதீர்கள். ஆண்டு நிகர லாபம் 400 டாலரைத் தொட்டாலே சுயதொழில் வரி, 15.3 சதவீதம், உண்டு. வருமான வரி தனி. ஷெட்யூல் சி படிவத்தில் காட்ட, மைதா ரசீதிலிருந்து பெட்டி ரசீதுவரை சேர்த்து வையுங்கள். தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் ஏப்ரலில் தலைவலி குறையும். தொழிலுக்கான வரி எண்ணை ஐஆர்எஸ் இலவசமாகவே தருகிறது. அதற்குக் காசு கேட்கும் இணையதளங்களில் ஏமாறாதீர்கள்.

இந்த இரண்டு மாத விற்பனையை நம்பி யாரும் வேலையை விடக்கூடாது. இதில் பெரும் பணம் இல்லை. ஆனால் விலை போடுவது, ஆர்டர் பிடிப்பது, சீட்டு அச்சிடுவது, கணக்கு எழுதுவது என்று ஒரு முழுத் தொழிலின் பாடமும் சில நூறு டாலர் முதலீட்டில் கிடைத்துவிடும். பல ஆண்டு வேலையிலிருந்து விலகியிருந்து மறுபடி தொடங்குபவர்களுக்கு இது நல்ல ஒத்திகை.

இந்த ஆண்டே இறங்குவதாக இருந்தால் சான்றிதழ் தேர்வை மே மாதத்துக்குள் எழுதிவிடுங்கள், அனுமதிக்கு ஜூனில் விண்ணப்பியுங்கள், கட்டணமும் விதியும் மாறியிருக்கிறதா என்று சுகாதாரத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியில் நினைத்துக்கொள்பவர், கையில் தாள் வருவதற்குள் சீசனையே கோட்டை விட்டிருப்பார்.